அண்ணன் வண்டியின் பிரேக் பிடித்தது

உசிலம்பட்டியில் பிறந்து, மதுரை காளவாசலில் டூவீலர் பட்டறை வைத்து எங்களையெல்லாம் ஆளாக்கிய அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட தங்கை எனக்கும் பட்டறை வேலை கற்றுக்கொடுத்தவர். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஆனாலும் அண்ணனின் இந்த நினைவு மலரில் இதைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

பிரேக் விஷயத்தில் அண்ணன் அவசரப்படவே மாட்டார். பிடிக்கும்போது லிவர் விரலில் அதிர்ந்தால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டு கோணியிருக்கிறது என்பார். முன் சக்கரத்தைத் தூக்கிவைத்து, டிஸ்க்கை ஒட்டி ஒரு கம்பியை நிறுத்திச் சுற்றவிடுவார். உரசும் இடம்தான் கோணல்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பட்டறையில் நிற்க இடமிருக்காது. வண்டி பளபளக்க எண்ணெய்த் துணியால் துடைத்து, டிஸ்க்கிலும் சந்தனம் அப்பிவிட்டு, பிரேக் வழுக்குகிறது என்று வருவார்கள்.

"ஏன் மாப்ள, இதுலயா பொட்டு வைப்ப? நேரா சாமிகிட்டயே போய்ச் சேந்துருவ."

திட்டிக்கொண்டே துடைப்பார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடு எண்ணெய் குடித்திருந்தால், மாற்றாமல் வண்டியை வெளியே விடமாட்டார்.

அப்படிப்பட்டவர் போன ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, மாட்டுத்தாவணி போகும் வழியில் காலமானார். மாரடைப்பு என்று மருத்துவர் எழுதியே கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு வந்த வண்டியில் முன்விளக்கு உடைந்திருந்தது. அது போதுமே. சித்தப்பா முறையுள்ள ஒருவர் என் காதுபடவே சொன்னார்:

"அம்புட்டுப் பேர் பிரேக்கப் பார்த்தவன், தன் வண்டியப் பார்க்காம விட்டுட்டானே."

நடுவீட்டில் அண்ணன் கிடக்கையில் பேசுகிற பேச்சா இது? பிரேக் பிடிக்காத பயத்தில்தான் நெஞ்சு நின்றது என்று மாரடைப்புக்கும் ஒரு கதை கட்டினார்கள்.

அந்த வண்டிக்குப் பொட்டு வைத்தவள் நான். டிஸ்க்கில் கை பட்டுவிட்டதோ என்று பதினாறு நாளும் சோறு இறங்கவில்லை. காரியம் முடிந்த அன்றே வண்டியைப் பிரித்தேன். டிஸ்க்கில் துளி பிசுக்கில்லை. பேடில் எண்ணெய்க் கறையில்லை. லிவர் கெட்டியாக நின்றது. கம்பி வைத்துச் சுற்றினேன், எங்கும் உரசவில்லை.

அப்போதும் மனம் ஆறாமல், அன்று சாலையோரத்தில் அண்ணனைத் தூக்கிய டீக்கடைக்காரரைத் தேடிப் போனேன்.

"எதுலயும் மோதல தாயி. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டே ஓரமா நிப்பாட்டி, ஸ்டாண்டும் போட்டாரு. அப்புறந்தான் சாஞ்சாரு. லைட்டு, வண்டிய ஆட்டோவுல ஏத்துறப்ப நாங்க ஒடச்சது."

அண்ணனைத் தரையில் கிடத்தாமல் மடியில் தாங்கிய அந்த மனிதருக்கும், பந்தல் போட்டதிலிருந்து பதினாறாம் நாள் வரை உடன் நின்ற காளவாசல் பட்டறைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றிக்கடன்பட்டது. அன்று அப்படிப் பேசியவர்களுக்கும் இந்த மலரை நானே கையில் கொடுப்பேன். அண்ணன் வண்டி பட்டறையில்தான் நிற்கிறது. வந்து பிரேக்கைப் பிடித்துப் பார்க்கட்டும்.