பாம்புப் பண்ணையில் என் மனைவி நடுங்கியபோது

நான் திருவொற்றியூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். சென்ற மாதம் எங்கள் தெருவினர் எண்ணூரிலிருந்து படகில் அரைநாள் தீவுச் சுற்றுலா போனோம். முதலில் பாம்புப் பண்ணை, பிறகு முகத்துவாரமும் கடற்கரையும். அன்று காலை இன்சுலின் போட்டுக்கொண்ட என் மனைவி சரோஜா, "ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வரேங்க" என்றாள். படகு போய்விடும் என்று நான்தான் விடவில்லை.

மலைப்பாம்புக் கூண்டருகே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. "என்னமோ பண்ணுதுங்க" என்றாள்.

"வீட்டுல என்னை அந்த அதட்டு அதட்டுற, தூங்குற பாம்புக்கா இப்படி நடுங்குற?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்வீட்டு எல்லம்மா, மீன் விற்பவள், ஓடிவந்து தாங்கினாள். "இன்னா வாத்தியாரே, சிரிச்சிகினு கீற! சக்கரை எறங்கிப்போச்சு, தெரில?" என்று கத்தியபடி, தன் கையிலிருந்த மாம்பழ ஜூஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தாள். கால் மணி நேரத்தில் சரோஜா தெளிந்தாள். எல்லம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

இப்போது என் சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கிறது. ஊசி போட்டபின் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் உடம்புக்கு ஏதாவது என்றால் அவள் என்னிடம் சொல்வதில்லை. ஜன்னலருகே போய் எல்லம்மாவைத்தான் கூப்பிடுகிறாள்.