அப்பாவின் மருந்துச் சட்டை

ஆறு வயதில் நான் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று கேட்கிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா? தேத்தண்ணி ஆறுகிறது. குடித்துக்கொண்டே கேட்டுத் தொலை.

மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பாவுக்குப் புல் சாக மருந்தடிக்கிற வேலை. அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மருந்துக் கேனோடு வந்த தாளைக் கேட்டு வாங்கி, வரிசை வீடான எங்கள் லயத்துச் சுவரில் செருகிவைத்திருந்தார். அதில் கையுறை, சப்பாத்து, கை கழுவும் குழாய், மண்டையோடு எல்லாம் படமாக இருந்தன. தன்னைப் பார்ப்பதைவிட அந்தத் தாளைத்தான் அதிகம் பார்ப்பார் என்பாள் அம்மா.

வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிற்பார். நான் ஓடினால், "தள்ளி நில்லு, தொடாத" என்பார். மருந்துச் சட்டையைக் கொய்யா மரத்தில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். அதை மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் துவைக்க மாட்டார். எல்லாரும் குடிக்கிற தண்ணீராம். வாளியில் மொண்டுபோய்க் கீழே தனியாகத் துவைப்பார்.

"அண்ணே, ஒங்க சட்டைக்குத் தனியா ஒரு பீலி கட்டச் சொல்லவா?" என்று லயமே சிரிக்கும்.

எல்லாம் முடித்து அவர் உள்ளே வருவதற்குள் நான் தூங்கிவிடுவேன். மற்றப் பிள்ளைகளை அவர்களுடைய அப்பாமார் அழுக்கோடு தூக்கிக்கொண்டு நடப்பார்கள். என் அப்பாவுக்கு மட்டும் என்னைப் பிடிக்காது என்று முடிவுகட்டினேன்.

ஒரு நாள் அவர் குளிக்கப் போனதும், மருந்தில் ஊறியிருந்த அந்தச் சட்டைக்குள் புகுந்துகொண்டேன். நீளக் கைகள் இரண்டையும் என்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். அப்பா பிடித்திருப்பதுபோல இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் எரிந்தது. வாந்தி வந்தது.

ஈரத்தலையோடு ஓடிவந்த அப்பா சட்டையை உருவியெறிந்தார். வாளி வாளியாக என்மேல் தண்ணீர் ஊற்றினார். சுவரில் இருந்த தாளை இடுப்பில் செருகி, என்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஏறினார்.

"ஐயா, இந்த மருந்துதாங்க" என்று தாளை நீட்டினார்.

டொக்டர் வாசித்துப் பார்த்தார். "கழுவிட்டுக் கொண்டாந்தது நல்லது. தாளும் கொண்டாந்தீங்களே" என்றார்.

திரும்பும்போதும் தூக்கித்தான் வந்தார். அவர் நெஞ்சு நடுங்கிக்கொண்டே இருந்தது. ஏற்றம் ஏறிய களைப்பு என்று நினைத்தேன்; அப்போது நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம்.

லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "என்னா புள்ள, டொக்டரு என்னா சொன்னாரு?"

"எங்கப்பா என்னயக் கீழ எறக்கவே இல்ல" என்றேன்.