அக்கா எண்ணிய நாற்பத்தொன்று

கரவெட்டியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்த எங்கள் அக்கா, சென்ற மார்கழியில் கனடாவின் ஸ்காபரோவில் கண்மூடினார். ஆண்டு நிறைவில் இந்த நினைவு மலரை உங்கள் கையில் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக யுத்தம் முடிந்து இரண்டாம் வருடம் அக்காவுக்குக் கலியாணம். அத்தான் மலாயாவில் கிளாக்கர். மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். முதற் பொங்கலுக்குக் கெதியாய் வந்து சேரும்படி அக்கா காயிதம் போட்டார். கப்பலில் வந்தால் பிந்தும் என்று அத்தான் விமானம் ஏறினார். அது ஓடுபாதை முடியுமட்டும் ஓடி, எழும்ப மாட்டாமல் விழுந்து எரிந்தது. தந்தி வந்தது. உடல் வரவில்லை. அதன்பின் அக்கா தையல் மெசின் மிதித்து எங்கள் நால்வரையும் ஆளாக்கினார்.

நான் ஒஷாவாவில் பாத்திரம் கழுவத் தொடங்கி, இன்று இரண்டு பலசரக்குக் கடைகளுக்கு முதலாளி. என் ஸ்பொன்சரில் பதினொரு பேர் கனடா வந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அது. அக்கா மட்டும் மாட்டேன் என்றார். விமானப் பயம் என்றே எல்லோரும் நினைத்தோம். ஊரில் சண்டை இறுகியபோது நானே கொழும்பு போய்க் கூட்டிவந்தேன்.

விமானம் ஓடத் தொடங்கியதும் அக்காவின் வாய் முணுமுணுத்தது. தேவாரம் என்று நினைத்தேன். சில்லு நிலத்தை விட்டதும் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, ஓடத் தொடங்கி எழும்புமட்டும் நாப்பத்தொண்டு எண்ணினனான். என்ரை காயிதத்தை நினைச்சு அவர் என்னை ஏச, அந்த நேரம் போதுமோடா?”

“சும்மா இரக்கா. கண் மூடித் திறக்கமுதல் முடிஞ்சிருக்கும்.”

“நீ எண்ணேல்லை. நான் எண்ணினனான்.”

இமிக்கிரேசன் அதிகாரியையே பேச்சில் மடக்கியவன் நான். அன்று இலண்டன் வருமட்டும் அக்காவின் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். மில்லிக்கனில் என் வீட்டின் பெரிய அறையை அக்காவுக்கே கொடுத்தேன். கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கேள்விக்குத்தான் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியிலும் கேட்டார். அத்தான் ஏசியிருக்கவே மாட்டார் என்றேன். உனக்கெப்படித் தெரியும் என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

வெக்ஸ்போர்ட்டிலிருந்து நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த மச்சாளுக்கும், கொட்டும் பனியில் கார் ஓடிவந்து மாறி மாறிப் பக்கத்தில் இருந்த மருமக்களுக்கும், கிரியைகளில் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி. அக்கா இப்போது அத்தானிடம் போய்ச் சேர்ந்திருப்பா என்று பலர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். அதற்கும் நன்றி. போய்ச் சேர்ந்திருந்தால் முதல் வேலையாக அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்பார். அத்தான் என்ன சொன்னாரோ, எனக்கு அறிய வழியில்லை.