ஏழாவது பிளாப்பி

அக்டோபர் 12, ஞாயிறு. காலை 10.20: நிறுவல் தொடங்கியது. மொத்தம் பதினொரு பிளாப்பிகள். ஆறு வரை தடையில்லை. 10.52: ஏழாவதில் நின்றது. கோப்பைப் படிக்க முடியவில்லை என்று திரையில் செய்தி. மூன்று முறை மறுமுயற்சி. பலனில்லை.

அக்டோபர் 13, திங்கள். மாலை 4.40: டிரைவின் தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். வேறு மாற்றம் செய்யவில்லை. ஏழாவதில் நின்றது.

அக்டோபர் 14, செவ்வாய். மாலை 4.30: ஹார்டு டிஸ்கில் பழைய கோப்புகளை நீக்கி இடம் உண்டாக்கினேன். ஏழாவதில் நின்றது.

அக்டோபர் 15, புதன். விடுப்பு. காலை 9.00: மெமரிச் சில்லுகளைக் கழற்றி மாட்டினேன். பிற்பகல் 2.15: டிரைவின் கேபிளை மாற்றினேன். இரண்டு முறையும் ஏழாவதில் நின்றது.

அக்டோபர் 16, வியாழன். ஹர்த்தால்.

அந்த நோட்டுப் புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. அதில் பதிவாகாதது ஓசை. பிளாப்பி டிரைவ் நல்லபடியாகப் படிக்கும்போது ஒரு சீரான முனகல் கேட்கும். படிக்க முடியாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டும்போதோ, தேங்காய் துருவுகையில் துருவியின் பல் சிரட்டையைத் தொட்டுவிட்டால் எழுமே, அந்தக் கறகறப்பு. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்த நான்கு நாட்களும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. பேச்சுக்கு நடுவில் கேட்டது. சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டது. இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கைகழுவப் போகும்போதும் காதுக்குள் கேட்டது.

இளமைக்கால நினைவு எழுதும்படி கேட்டிருக்கிறார்கள். என் இளமையைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனமில்லை. எழுத உட்கார்ந்தால் வருவது என் மகள் நித்யாவின் ஒன்பதாம் வயதுதான். அதிலும் தொண்ணூறுகளின் பின்பாதியில் ஓர் ஆண்டு, விஜயதசமிக்கு மறுநாள் தொடங்கிய அந்த ஒரு வாரம்.

என் மனைவி லலிதா பள்ளி ஆசிரியை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் குழந்தைகள் கணக்கை எந்த மொழியில் போட்டுப் பார்க்கிறார்கள் என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. வலியசாலைத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு மலை பஸ்ஸில் பதினேழு முறை போய், தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் இருந்த குழந்தைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து விடைகள் வாங்கி வந்தாள். நான்கு அத்தியாயங்கள் தட்டச்சாகியிருந்தன. ஐந்தாவதற்கு ஒரே ஓர் அட்டவணை பாக்கி: நகரம், தோட்டம் என இரு வகைக் குழந்தைகளுக்கும் இடையில் தெரிந்த வேறுபாடு உண்மையானதா, தற்செயலா என்று காட்டும் அட்டவணை. விடைகள் எல்லாம் கணினியில் ஏற்றியாகிவிட்டன. கணக்குப் போடும் புள்ளியியல் மென்பொருளைத்தான் ஏற்ற வேண்டும். இருமுறை நீட்டிப்பு வாங்கிய பதிவு, 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலையோடு முடிந்துவிடும். மூன்றாம் முறை நீட்டிப்பு கிடையாது என்று எழுத்திலேயே தந்திருந்தார்கள்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். ஒரு கருவி வேலை செய்யாவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும், பார்த்ததை உடனே எழுத வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அதுவே என் சுபாவமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் ஐயப்பட்டது அந்த ஏழாவது பிளாப்பியைத்தான். கோப்புப் பட்டியலைக் கேட்டேன், ஒழுங்காக வந்தது. ஆகவே பிளாப்பி பழுதில்லை என்று தீர்மானித்து, ஐயப்பட வேண்டியவற்றின் வரிசையிலிருந்து அதை அடித்துவிட்டேன். பிளாப்பியின் தட்டில் பட்டியல் எழுதப்பட்ட வளையம் வேறு, கோப்பு எழுதப்பட்ட வளையம் வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அடித்தேன்.

பிளாப்பிகளைப் பிரதியெடுத்துக் கொடுத்த நண்பர் பூஜை விடுமுறைக்குக் கோழிக்கோட்டுக்குப் போய்விட்டார். அடுத்த திங்களன்றுதான் வருவார். ஊருக்கு வெளியே ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் அதே மென்பொருள் இருந்தது. அங்கே போவது தோற்றுப்போவது என்று எனக்குப் பட்டது.

நித்யா பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் என் பக்கத்தில் வந்து நிற்பாள். பிளாப்பிகளை எண் வரிசையில் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஏழாவதற்கு அவள் வைத்த பெயர் "மடியன்", மலையாளத்தில் சோம்பேறி. 

"மடியன் வந்தாச்சுப்பா. இனி ஓடாது, கேட்டோ."

உள்ளேயிருந்து லலிதா குரல் கொடுப்பாள். "கேட்டேளா, அந்த நோட்டை அப்படியே யூனிவர்சிட்டிக்குக் குடுத்துடுங்கோ. ஒங்களுக்காவது டாக்டர் பட்டம் கெடைக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், திங்களன்றும் செவ்வாயன்றும். புதன்கிழமை காலையில் சிரிப்பில்லை. விடைகளைப் பதிந்த பிளாப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, குடையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் சென்டருக்கே போய்ட்டு வந்துடறேனே. ஒரு பஸ்தானே?"

"ஒரு நாள் குடு. காரணம் கிட்டத்துல வந்துடுத்து."

"காரணம் யாருக்கு வேணும்னா? நேக்கு டேபிள்தான் வேணும்."

"இன்னிக்கு லீவு போட்டிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா நாளைக்குக் காலம்பற நானே ஒன்னைக் கூட்டிண்டு போறேன்."

குடையை ஆணியில் மாட்டிவிட்டு, "செரி, ஒரு நாள்" என்று உள்ளே போனாள்.

அன்று மாலைச் செய்தியில் மறுநாள் மாநிலம் முழுவதும் ஹர்த்தால் என்று அறிவித்தார்கள். பஸ் ஓடாது, கடை திறக்காது, எந்த அலுவலகமும் இயங்காது. நாங்கள் மூவரும் ரேடியோவுக்கு முன்னால் இருந்தோம். லலிதா எழுந்துபோய் கால்குலேட்டரையும் விடைத்தாள் கட்டுகளையும் எடுத்துச் சமையலறை மேஜையில் பரப்பினாள். கையால் போட்டால் குறைந்தது பத்து நாள் பிடிக்கும் கணக்கு அது.

வியாழக்கிழமை தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. உள்ளே அவள் பொத்தான்களைத் தட்டும் ஓசை மட்டும். மாற்றிப் பார்க்க என் வரிசையில் எதுவும் மிஞ்சவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. அறைக்கும் கூடத்துக்குமாக நடந்துவிட்டு வந்து, காரணமேதுமின்றி ஏழாவது பிளாப்பியை எடுத்து, அதன் உலோக மூடியைக் கட்டைவிரலால் நகர்த்தினேன். உள்ளே பழுப்பு நிறப் படலத்தில் பிறை வடிவில் ஒரு வெளிறிய கறை. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

சரஸ்வதி பூஜைக்கான "பூஜை வைப்பு" நாளில் புத்தகங்களோடு பிளாப்பிகளையும் பலகையில் அடுக்கியது எனக்குத் தெரியும். பொட்டு வைத்தது தெரியாது. விஜயதசமியன்று "பூஜையெடுப்பு" முடிந்ததும் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துத்தான் லலிதா என் கையில் கொடுத்திருக்கிறாள். வெளியே அடையாளமே இல்லை.

"அம்மா வெச்சதாக்கும்" என்றாள் நித்யா, பக்கத்தில் நின்றபடி. "காயிதம் ஒட்டின எடத்துல எழுத்து மறையும்னு இந்த வெள்ளி மாதிரி இருக்கற எடத்துல வெச்சா. பதினொண்ணுக்கும் வெச்சா. பின்னே நேக்கும் வெச்சா."

மற்றப் பத்திலும் சந்தனம் மேலேயே காய்ந்திருக்க வேண்டும். இதில் மட்டும் நீர் கூடிப்போய், மூடியின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஸ்பிரிட்டால் துடைத்தேன். கறையோடு படலமும் உரிந்து வந்தது.

"அம்மாட்ட சொல்ல வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"சொன்னா அழுவா."

யோசித்துவிட்டு, "செரி" என்றாள்.

சமையலறைக்குப் போய், பிளாப்பியில் பூஞ்சை பூத்துவிட்டது, மழைக்காலமல்லவா என்றேன். எங்கள் ஊரில் யாரும் நம்பக்கூடிய காரணம். லலிதா தலை நிமிரவில்லை. "நாலு நாளா இதைத்தான் தேடிண்டிருந்தேளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த எண்ணைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இருவரும் மையத்துக்குப் போனோம். முந்தின நாள் வர முடியாதவர்கள் எல்லோரும் அங்கே வரிசையில் இருந்தார்கள். அவள் முறை வந்தபோது மணி மூன்றே முக்கால். பல்கலைக்கழகத்தில் கவுன்டர் நான்கு மணிக்கு மூடும். அது நகரத்தின் மறுகோடியில். நாற்காலியில் உட்காராமலே, பின்னால் நின்ற பெண்ணுக்கு வழிவிட்டு நகர்ந்தாள். திங்களன்று விடுப்பை முடித்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். ஓய்வு பெறும்வரை அங்கேயே கற்பித்தாள். ஆய்வைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. சந்தனத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி, அந்த மூடியை ஞாயிற்றுக்கிழமையே ஏன் நகர்த்திப் பார்க்கவில்லை என்பதாக இருக்கும். புதன்கிழமையை ஏன் கேட்டு வாங்கினீர்கள் என்பதாக இருக்கும். மறு வருடம் சரஸ்வதி பூஜையில் அவள் விளக்குக்கு மட்டும் சந்தனம் இட்டாள். எந்தப் புத்தகத்துக்கும் இடவில்லை. கவனித்தேன். படிப்பில் மனம் விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

லலிதா இந்த மாசியில் காலமானாள். பதிமூன்றாம் நாள் காரியங்கள் முடிந்து, நித்யா விமான நிலையத்துக்குக் கிளம்பப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகளுக்கே இப்போது பதினொரு வயது. நிமிராமலே சொன்னாள்: "அப்பா, அந்த மடியன் விஷயம். அன்னிக்குச் சாயங்காலமே நான் அம்மாட்ட சொல்லிட்டேன். ஒரு நாள்கூட என்னால வெச்சுண்டிருக்க முடியலை. அப்பாக்குத் தெரிய வேண்டாம்னு அம்மா சொல்லிட்டா."

"அப்படியா" என்றேன். வாசலில் டாக்சிக்காரர் ஹார்ன் அடித்தார்.

இன்று பிளாப்பி என்றால் பேத்திக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது. அதே மென்பொருள் இப்போது காப்பி ஆறுவதற்குள் தானாகவே இறங்கி அமர்ந்துகொள்கிறது. ஸ்ரீவராகத்து வீட்டை விற்று அடுக்ககத்துக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. இங்கே சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டு மிக்சி கேட்கிறது. ஓர் இடத்தில் அரை மணிக்கு மேல் உட்கார முடிவதில்லை. எழுந்து, எதையாவது சரிசெய்யப் போகிறேன்.

செய்யாமல் கிடப்பவை:

நான்கு அத்தியாயங்களையும் பைண்டிங்குக்குக் கொடுப்பது.

போனக்காட்டு விடைத்தாள் கட்டுகளை வெயிலில் போடுவது.

ஐந்தாம் அத்தியாயத்தின் அட்டவணையைப் போட்டுப் பார்ப்பது. ஒரு நிமிட வேலை.

நித்யாவுக்குப் போன் செய்து, பிளாப்பி விஷயத்தைக் கேட்டதும் அவள் அம்மா அழுதாளா என்று கேட்பது.