என் வீட்டுக்காரருக்கு டைப்ரைட்டிங் வகுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சண்டை. தொடக்கம் — ஆலைக்கு வந்த கம்ப்யூட்டர்.

நானும் என் வீட்டுக்காரரும் வில்லியனூர்ப் பக்கம் ஒரே நூற்பாலையில் வேலை பார்ப்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் டைப்பிஸ்ட். அவர் சம்பளப் பிரிவு கிளார்க். அத்தனை பேருடைய சம்பளத்தையும் கையாலேயே கூட்டிக் கழித்துப் போடுபவர்.

சம்பளம் போடுவதற்கென்றே கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதை இயக்க மேனேஜர் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? என்னை. பெரிய காரணம் ஒன்றுமில்லை... எனக்கு டைப்பிங் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவர் எனக்கு இடம் பிடித்து வைக்கவில்லை. வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்றார். மறுநாள் உப்பு கரிக்கிறது என்றார். பொறாமையைப் பெண்களுக்கு மட்டும் எழுதிவைத்தது யார்?

அதன்பிறகு தினமும் விசாரணை. உன் மிஷின் ஓவர்டைம் போடுமா? போடாது என்பேன். பண்டிகை அட்வான்ஸ் பிடிக்குமா? இன்னும் இல்லை என்பேன். முகம் தெளிந்துவிடும். இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

அப்புறம் மெட்ராஸிலிருந்து புரோகிராம் எழுதிய இன்ஜினியர் வந்தார். பொங்கலுக்குள் எல்லாம் மாறிவிடும் என்றார். ஓவர்டைம், அட்வான்ஸ், பி.எஃப்., லீவு — அத்தனையையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும், சம்பளச் சீட்டையும் அதுவே அச்சடிக்கும். ஆபீஸே கை தட்டியது. என் வீட்டுக்காரர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் அதுவே போட்டுட்டா, நான் இன்னாடி செய்றது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பொறாமை என்று நினைத்ததில் பாதி பயம்.

மறுநாளே மேனேஜரிடம் கேட்டேன். வேலை போகாது, ஆனால் டைப்பிங் கற்றுக்கொண்டால் அவரையும் கம்ப்யூட்டரில் உட்காரவைக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். முறைத்தார். மறுவாரமே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்துவிட்டார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்பிள்ளைகளுக்கு நடுவே, நரைத்த தலையோடு, 'ஏ எஸ் டி எஃப்' தட்டினார்.

எனக்குப் பெருமைதான் — அவர் வகுப்பைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் வரை.

டீச்சர் பெயர் ஸ்டெல்லாவாம். சின்ன வயசாம். கோபமே வராதாம். விரல் தப்பினால் பிடித்துச் சரியான எழுத்தின் மேல் வைப்பாராம். உன்னை மாதிரி படபடவென்று பேசமாட்டார் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பே கிடையாது. ஆனாலும் ஸ்பெஷல் பிராக்டிஸ் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். முகத்தில் பவுடர்.

"டைப் அடிக்கப் பவுடர் எதுக்குங்க?"

"வேர்க்குது."

வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சண்டைதான் முதலில் சொன்ன சண்டை. ஆலையில் எனக்குக் கிடைத்த நாற்காலியைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்கு ஒரு முழம் கூடவே தெரிந்தது.

திங்கட்கிழமை ஒரு பழைய டைப்ரைட்டரை வாடகைக்கு எடுத்து ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்ஸ்டிட்யூட்டுக்கு முழுக்கு. இப்போது டீச்சர் நான்தான்.

எனக்குக் கோபம் வரும் என்று முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டேன்.