ஆறு மணி வரைக்கும் குடும்பம்

எனக்கு முழங்கால் வலி சின்ன வயதிலேயே வந்துவிட்டது. டாக்டர்கள் கேட்பார்கள், கீழே விழுந்தீர்களா, விளையாட்டில் அடிபட்டதா என்று. இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். ஒரு குடும்பத்தைக் கலையாமல் காப்பாற்றப்போய் வந்த வலி என்று சொன்னால் மாத்திரையை மாற்றி எழுதிவிடுவார்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் ஒரு பொழுதுபோக்கு மையம் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே டேஷிங் கார், பச்சைத் தண்ணீரில் மிதிபடகு, வாயைப் பிளந்த பென்குயின் குப்பைத்தொட்டிகள், இருக்கிற ஒரே வளைவில் தவறாமல் தடம் புரளும் குட்டி ரயில். கரண்ட் போனால் டேஷிங் கார்கள் மோதின நிலையிலேயே நின்றுவிடும். யாரும் இறங்க மாட்டார்கள். இறங்கினால் அந்த ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. எதிர்க் காரில் இருப்பவரிடம் ஊர் எது, என்ன வேலை என்று விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கரண்ட் வந்ததும் அவரையே மறுபடி இடிப்பார்கள்.

முதலாளி பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்து சம்பாதித்தவர். அந்த நன்றிக்காக வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு முந்திரிப் பழம் சிலை வைத்திருந்தார். முந்திரியில் பழம் மேலேயும் கொட்டை கீழேயும் தொங்கும். சிலை செய்தவர் எந்த ஊரோ, கொட்டையைத் தலை என்று நினைத்து மேலே வைத்து, அதற்குக் கண்ணும் மீசையும் வரைந்துவிட்டார். பண்ருட்டிக்காரர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறி வந்து சிரித்துவிட்டுப் போவார்கள். முதலாளி கண்டுகொள்ளவில்லை.

அவர் கண்டுகொண்டது ஒன்றே ஒன்றைத்தான். திறந்த புதிதில் கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்து ஒரே மிதிபடகில் ஏறி அதை மூழ்கடித்தார்கள். மறுநாளே வாசலில் 'குடும்பத்துடன் வருபவர்களுக்கு மட்டும்' என்று போர்டு வந்துவிட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு முதலாளியே உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க முந்திரிப் பருப்பை முழுசு, பாதி, நொறுங்கல் என்று தரம் பிரித்த கண் அது. அதே கண்ணால் மனிதர்களையும் பிரித்தார். புருஷன், பெண்டாட்டி, குழந்தை மூன்றும் இருந்தால் முழுசு, உள்ளே போகலாம். ஒன்று குறைந்தாலும் ஒடசல், அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம். குழந்தை என்றால் என்ன என்பதிலும் தகராறு வரக்கூடாது என்று கேட் தூணில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தார். தலை கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் குழந்தை.

என் தாய்மாமா கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை, முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, டேஷிங் கார் என்றால் உயிர். ஆறு நாளும் லாரிக்காரர்களிடம் பேச்சு வாங்குகிற மனுஷன், ஏழாவது நாள் யாரையாவது இடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவார். இடிபடுவதற்குக் காசு கொடுத்துப் போவானேன், டவுன் பஸ்ஸில் அது சும்மாவே கிடைக்கிறதே என்பது அம்மாவின் கட்சி. எனவே மாமா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது ஏழு வயது.

முதலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பெண்டாட்டி எங்கே என்றார். மாமா பொய் சொல்லத் தெரியாமல் பொய் சொன்னார். வருகிறாள் என்றார், வழியில் இருக்கிறாள் என்றார், உடம்பு சரியில்லை என்றார், மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். முதலாளி கையை ரோட்டுப் பக்கம் காட்டிவிட்டார். நான் அழத் தயாரானேன்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தார். மாநிறம், மடிப்புக் கலையாத காட்டன் புடவை, தோளில் கைப்பை. எங்கள் கதி என்னவாகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று முன்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் சீறினார்.

"எவ்ளோ நேரமா நிக்கிறது? பஸ்ஸ விட்டு எறங்குனா பொண்டாட்டி வராளா இல்லியான்னு திரும்பிப் பாக்கறதில்ல. இதே பொழப்பா போச்சு உங்களுக்கு."

மாமா பேந்தப் பேந்த விழித்தார். அந்த விழிப்புதான் எங்களைக் காப்பாற்றியது. அப்படி விழிக்கிறவன் புருஷனாகத்தான் இருக்க முடியும் என்று முதலாளிக்குத் தெரியும். கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே போனதும் அந்தப் பெண் என் கையை விட்டார். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றும், போன வாரம் தனியாக வந்து திரும்பிப் போனதாகவும் சொன்னார். பிறகு குளத்தோரம் ஒரு சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஒரு கோன் ஐஸ் வாங்கி, யாரோடும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா காரில் ஏறி ஊரையே இடித்தார். ஆறு மணிக்கு மணி அடித்ததும் டீச்சர் எழுந்து வந்தார். மூன்று பேரும் சேர்ந்து வெளியே வந்தோம், ரோட்டின் இரண்டு பக்கமும் பிரிந்து நின்று எதிரெதிர் பஸ் ஏறினோம். கிளம்பும்போது டீச்சர், அடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்கு எதிர் டீக்கடையில் இருப்பேன் என்று மட்டும் சொன்னார்.

இப்படியாக எங்கள் குடும்பம் உண்டானது. மதியம் இரண்டிலிருந்து மாலை ஆறு வரை. கேட்டருகில் மாமாவை அப்பா என்றும் டீச்சரை அம்மா என்றும் கூப்பிட வேண்டும். முதலில் வாய் குழறியது, பிறகு பழகிவிட்டது, பிறகு பிடித்துவிட்டது. வீட்டில் அப்பா அம்மா இருந்தார்கள், நல்லவர்கள்தான், ஆனால் ஒருவர் தூக்கத்திலும் ஒருவர் சீரியலிலும் இருந்தார்கள். இவர்கள் இருவரும் என்னைக் கவனித்தார்கள். மாமா எனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். டீச்சர் வாரா வாரம் என் பின்னலைப் பார்ப்பார், சரியில்லை என்பார், அவிழ்த்துப் போட்டு மறுபடி பின்னிவிடுவார். கொஞ்ச நாளில் பெஞ்சில் எனக்கும் இடம் விட்டு உட்காரத் தொடங்கினார். மாமாவும் கரண்ட் போகிற நேரங்களில் எங்களோடு வந்து உட்காருவார். ஆட்டம் முடிந்ததாகக் கணக்கானாலும் பரவாயில்லை என்று அவர் இறங்கி வந்ததை நான் கவனித்தேன்.

மூன்றாவது வருஷமோ என்னவோ, முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. வாரம் தவறாமல் வருகிற, உள்ளே சண்டை போடாத ஒரே குடும்பம் என்று எங்களைக் கண்டுபிடித்து, மேடையேற்றி, ஒரு ஃபிளாஸ்க் பரிசு கொடுத்துப் படம் எடுத்தார். பரிசோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் சாலை முழுக்க ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். 'எங்கள் மையத்தின் சிறந்த குடும்பம்' என்று எழுதி, மாமாவுக்குக் கோட்டு மாட்டி, எங்களுக்குப் பின்னால் பனிமலை வைத்து, மேலே இரண்டு புறாவும் பறக்கவிட்டிருந்தார்கள்.

வைத்த இடங்களில் மங்கலம்பேட்டை பஸ் ஸ்டாண்டும் ஒன்று. அது முதலாளியின் மாமனார் ஊர். மாமாவுக்கு அந்த மாதம்தான் மங்கலம்பேட்டையில் ஒரு பெண் பேசி, நிச்சயம் வரைக்கும் வந்திருந்தது. பெண்ணின் அப்பா காய்கறி வாங்கப் போன இடத்தில், வரப்போகிற மாப்பிள்ளை பெண்டாட்டி பிள்ளையோடு பனிமலையில் நிற்பதைப் பார்த்துவிட்டார். காய் வாங்காமலே வீடு திரும்பி என் அப்பாவுக்குப் போன் போட்டார். மொத்தம் எத்தனை கல்யாணம் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினார்.

அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்தார். படம் நன்றாக விழுந்திருக்கிறது என்றார். அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மாமாவிடம் வழியும் சொன்னாள். முதலாளியிடம் உண்மையைச் சொல்லு, அவரையே மங்கலம்பேட்டைக்குக் கூட்டிப்போய்ச் சாட்சி சொல்ல வை, எல்லாம் சரியாகிவிடும்.

"உண்மைய சொன்னா உள்ள உடமாட்டாங்கக்கா" என்றார் மாமா.

அத்தோடு மங்கலம்பேட்டை போயிற்று. அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் அவளுக்கே ஒரு வழி தோன்றியது. ஊரே புருஷன் பெண்டாட்டி என்று நம்பிவிட்டது, அதை உண்மையாக்கிவிட்டால் என்ன? வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு சிதம்பரத்தில் டீச்சர் வீட்டுக்குப் போனாள். நான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன். அவ்வளவு ஆசையாக நான் வேறு எதையும் கேட்டதில்லை.

வீடு நிறைய ஆட்கள். படுக்கையோடு கிடக்கிற அப்பா, இரண்டு தம்பிகள், அவர்களுடைய பெண்டாட்டிகள், பிள்ளைகள். நாங்கள் இருந்த நேரத்துக்குள் டீச்சரை ஆளாளுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அவரும் எழுந்து எழுந்து போனார். அம்மா தட்டை எடுத்து வைத்து விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் கோபப்படவில்லை. எங்களுக்குக் கேசரி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"இங்க ஒரு குடும்பம் இருக்கு, பாக்குறீங்கல்ல. இது முடியவே மாட்டேங்குது. அது ஆறு மணிக்கு முடிஞ்சிடுதுக்கா. அதனாலதான் எனக்குப் புடிச்சிருக்கு."

அம்மா கேசரியைச் சாப்பிட்டாள். தட்டைத் திரும்பப் பையில் வைத்தாள். கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற சமயத்தில், அந்தப் பெண் சொல்வதில் தப்பில்லை என்றாள். பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. மாமாவுக்குப் பெண் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

மாமாவிடம் சொன்னபோது அவர், ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வருவாரா என்று மட்டும் கேட்டார். டீச்சர் வந்தார். எதுவுமே நடக்காததுபோல் டீக்கடையில் நின்றார். குடும்பம் தப்பித்தது.

ஆனால் அதற்கு வேறொரு எமன் இருந்தான். நான் வளர்ந்துகொண்டிருந்தேன்.

கேட் தூணில் இருந்த சிவப்புக் கோட்டை ஒவ்வொரு வாரமும் நெருங்கினேன். ஒருநாள் என் தலை அதைத் தொட்டது. நான் குழந்தை இல்லையென்றால் குடும்பம் முழுசு இல்லை. முழுசு இல்லையென்றால் மாமாவுக்குக் கார் இல்லை, டீச்சருக்குப் பெஞ்சு இல்லை, எனக்கு அவர்கள் இருவரும் இல்லை. அன்றைக்கு முதல், டீக்கடையிலிருந்து திரும்பி பஸ் ஏறுகிறவரைக்கும் முழங்காலை மடக்கியே நடக்க ஆரம்பித்தேன். சிநேகிதிகள் எல்லாரும் சுடிதாருக்கு மாறியபோது நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாவாடை கட்டினேன். மடங்கிய காலைப் பாவாடைதான் மறைக்கும். நான் பெரியவளானபோது சடங்குக்கு என் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். தாய்மாமனாகச் சீர் கொண்டுவந்து நின்ற மாமா, சீர் இரண்டு மடங்காகச் செய்கிறேன், ஃபிளெக்ஸ் மட்டும் வேண்டாம், முதலாளி இந்த ரோட்டில்தான் போகிறார் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒன்பதாவது படிக்கும்போது நான் ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் கேட்டைக் கடந்தேன். முதலாளி கோட்டைப் பார்ப்பார், என் தலையைப் பார்ப்பார், போ பாப்பா என்பார்.

அந்த வருஷம் முடிகிற நேரத்தில் 'தானே' புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் அது விட்டுவைத்தது கொஞ்சம்தான். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, கரண்ட் வாரக்கணக்கில் வரவில்லை, போனும் செத்துவிட்டது. பஸ் ஒழுங்காக ஓட ஆரம்பித்த முதல் ஞாயிறு, மாமாவும் நானும் கிளம்பினோம். டீச்சருக்குச் சொல்ல வழியில்லை. மாமா வழி நெடுக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். டீக்கடை இருந்த இடத்தில் கடை இல்லை. டீச்சர் இருந்தார்.

எதிரே சுற்றுச்சுவர் முழுக்க விழுந்துகிடந்தது. கேட்டும் இரண்டு தூண்களும் மட்டும் நின்றன, பக்கத்தில் நாற்காலி போட்டு முதலாளி. மாடுகள் சுவர் இல்லாத பக்கமாக உள்ளே போய் மேய்ந்தன. நாங்களும் அப்படிப் போயிருக்கலாம். ஆனால் மூன்று பேரும் கேட்டுக்கு முன்னால் போய் நின்றோம். நான் முழங்காலை மடக்கினேன்.

முதலாளி எங்களைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், எழுந்து கேட்டைத் திறந்தார்.

உள்ளே தகரக் கூரை எங்கோ பறந்துவிட்டிருந்தது. முந்திரிச் சிலை தலைகீழாகக் கவிழ்ந்து, முதல்முறையாகக் கடவுள் படைத்தபடி கொட்டை கீழேயும் பழம் மேலேயுமாகக் கிடந்தது. மாமா ஓடாத காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். டீச்சரும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் என் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினார். ஆறு மணிக்கு முதலாளி மணி அடித்தார். வெளியே வரும்போது, இடத்தை விற்றாகிவிட்டது, இனிமேல் வரவேண்டாம் என்றார்.

டீச்சரின் பஸ்ஸுக்கு ரோட்டைக் கடக்க வேண்டும். அவர் கடக்கவில்லை. எங்கள் பக்கத்திலேயே நின்றார். சிதம்பரம் பஸ் ஒன்று வந்தது, போனது. இன்னொன்றும் போனது. இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் என்னைப் பார்த்து, ஒரு தடவை நேராக நில்லு என்றார்.

நான் காலை நீட்டி நிமிர்ந்தேன். டீச்சரைவிட நான் உயரம். இத்தனை வருஷத்தில் அது எங்கள் மூவருக்குமே தெரியாது. அவர் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தார், கையை எட்டி என் தலைமேல் வைத்தார், பிறகு மாமாவிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா, நம்ம பொண்ண" என்றார். "நல்லாத்தான் வளத்துருக்கோம்."

அவர் அதைச் சொன்னபோது மணி ஏழாகியிருந்தது.