மொக்கைச்சாமி இலையில் வைத்த மிச்சம்

எங்கள் செம்பட்டியில் மொக்கைச்சாமி அண்ணன் சந்தேகப்படாத ஆள் கிடையாது. பால்காரன், தபால்காரர், கடைத் தராசு, ஏன், பாலை ஒளிக்கிறது என்று சொந்த மாட்டைக்கூட முறைப்பார். அந்தச் சந்தேகம் கடைசியில் அவர் பெண்டாட்டி ஒச்சம்மாள் மதினி மேலேயே பாய்ந்தது. மதினி செய்த குற்றம், பெருத்துவிட்டாள்.

கன்னிவாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது மதினி கம்பந்தட்டை மாதிரி இருந்தாள். களை எடுப்பாள், தண்ணீர் இறைப்பாள், உரலில் கம்பு குத்துவாள், கூழைக் குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு அழகம்மாளான என்னோடு வாய் ஓயாமல் பேசுவாள். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஊருக்குக் கரண்டு வந்து, அண்ணன் கிணற்றில் மோட்டார் போட்டார். கம்பு விளைந்த காட்டில் நெல்லும் வாழையும் வந்தன. வீட்டுக்குள் பவிசு வந்தது. மில்லில் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, வனஸ்பதியில் பொரித்த வெஞ்சனம், சீனி அள்ளிப் போட்ட காப்பி. உரலில் கோழி அடைந்தது.

"கூழெல்லாம் கூலியாளுக்குத்தேன். நம்ம வீட்ல இனிமே சோறு" என்று அண்ணன் சட்டம் போட்டார்.

நாலைந்து வருஷத்தில் மதினிக்கு ஒரு ரவிக்கையும் சேரவில்லை. சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். அண்ணன் முதலில் மில்லுக்காரனைச் சந்தேகப்பட்டார், அரிசியில் எதையோ கலக்கிறான் என்று. அப்புறம் வயலுக்குப் போட்ட உப்பு உரத்தை. அப்புறம் வனஸ்பதி டின்னை மோந்து பார்த்தார்.

"அதையேதான நானும் திங்கிறேன்? நான் குச்சியாட்டம் இருக்கேன். இவ மட்டும் எப்படி ஊதுறா?"

அப்புறம் என்ன, திருடித் தின்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். திண்டுக்கல்லுக்குப் போய்ப் பெரிய பூட்டாக வாங்கி வந்து சாமான் அறையைப் பூட்டினார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில். காலையில் அவரே அளந்து கொடுப்பார்.

அப்படியும் மதினி இளைக்கவில்லை. "தை பொறக்கட்டும். அப்பவும் இப்படியே இருந்தா கன்னிவாடிக்கு வண்டி கட்டிருவேன்" என்றார். பிள்ளை இல்லாதவள். பிறந்த வீட்டில் அண்ணன்மார் கையை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும்.

"சத்தியமா நான் எதையும் எடுத்துத் திங்கல அழகு" என்று என்னிடம் அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும், உள்ளதைச் சொன்னால், எனக்குமே கொஞ்சம் சந்தேகம்தான்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள், மத்தியானம் சாப்பிட்டதும் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அண்ணன் கொல்லை வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஏத்தா, சத்தம் காட்டாம வா. இன்னிக்கு அவளக் கையும் களவுமா புடிக்கிறேன். நீதேன் சாட்சி."

அடுப்படி சன்னலில் எட்டிப் பார்த்தோம். மதினி ஓர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள். இலையில் சோறு குவிந்து கிடந்தது. ஒரு வாய் தின்பாள், மூச்சு வாங்குவாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வாய்.

"புடிச்சேன்!" என்று அண்ணன் உள்ளே பாய்ந்தார். "எங்கிருந்துடி வந்துச்சு இம்புட்டுச் சோறு?"

"நீங்க சாப்பிட்ட இலைதேன்" என்றாள் மதினி.

அட பாவி மனுஷா! எனக்கு அப்போதுதான் உறைத்தது. புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டுக்காரர் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார். இவரோ மோட்டார் போட்ட நாளிலிருந்து இலை நிறையக் குவித்தால்தான் உட்காருவார், வருகிறவன் போகிறவன் பார்க்க வேண்டுமாம். தின்பது கால்வாசி. மிச்சத்தை மாட்டுத் தொட்டியில் போடவும் விட மாட்டார், சோற்றைக் கொட்டினால் லட்சுமி போய்விடுவாளாம்.

மதினி இலையைத் தள்ளினாள். "நீங்க மிச்சம் வைக்க வைக்க நானும் தின்னுக்கிட்டே இருந்தேன். இனி என்னால ஆகாது. சாவியக் குடுங்க. கூலியாளுக்குன்னு கம்பு வச்சிருக்கீகல்ல, எனக்கு அந்தக் கூழு போதும். தனி வட்டில்ல குடிச்சுக்கிறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"சாட்சி கேட்டீகளே அண்ணே, நல்லாப் பாத்துட்டேன்" என்றேன்.

சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். "இருந்தாலும் அந்த மில்லுக்காரன் மேல எனக்குச் சந்தேகந்தேன்" என்று முனகினார். தவிடெல்லாம் போகத் தீட்டிய அரிசியாயிற்றே, அதுவும் முழுப் பொய்யென்று சொல்ல மாட்டேன்.

தை பிறந்தது. வண்டி கட்டவில்லை. மதினி உரலைக் கழுவிக் கம்பு குத்தினாள், மெல்ல மெல்லச் சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். அண்ணன் இலையில் மட்டும் சோறு குறையவில்லை. அவர் போட்ட சட்டமாயிற்றே. மறு வருஷம் அவருக்கு வேட்டிக்கு மேல் தொப்பை தொங்கியது. பாதிச் சோற்றில் எழப் பார்த்தால், இடுப்பில் சாவியும் கையில் கரண்டியுமாக மதினி எதிரே நிற்பாள்.

"மிச்சம் வைக்காதீக. லட்சுமி போயிருவா."